முத்திரையா, உளியா?

லைப்சிக் நகரின் பிளாக்விட்ஸ் பகுதியில் இருக்கும் அச்சுக்கலை அருங்காட்சியகத்துக்கு நான் போனது இசையமைப்பாளர் ஷோப்பானுக்காக. பழைய இயந்திரங்களை இன்னும் ஓட்டிக் காட்டுகிறார்கள். மையும் எண்ணெயும் கலந்த வாடை சட்டையில் ஏறிக்கொள்கிறது. நான் தேடிப்போனது இயந்திரங்களை அல்ல, இசைத் தகடு பொறிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை.

என் சந்தேகம் சின்னதுதான். ஸ்வரத்தின் மேல் இரு கோடுகள் வலப்பக்கம் கூம்பி முடிவதுபோல ஒரு குறி வரும். குட்டையாக இருந்தால் அந்த ஸ்வரத்தை அழுத்தி வாசிக்க வேண்டும். நீளமாக இருந்தால் ஒலியைச் சிறுகச் சிறுகத் தேய்க்க வேண்டும். ஷோப்பானின் கையெழுத்திலோ இந்த இரண்டுக்கும் நடுவே எல்லா நீளங்களும் உண்டு. ஷூபர்ட்டும் அப்படியே, அவருடைய அழுத்தக்குறி அடுத்த ஸ்வரங்களின் மேலும் படர்ந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் ஒரு பழைய பதிப்பு அழுத்தச் சொல்லும், இன்னொன்று தேய்க்கச் சொல்லும்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல் ஒரு தகட்டை என் பக்கம் தள்ளினார். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த மென்மையான தகடு. ஐந்து பல் கொண்ட கருவியை ஒரே இழுப்பாக இழுத்ததும் ஐந்து கோடுகள் விழுந்தன. தகட்டில் எல்லாமே கண்ணாடி பிம்பம். இசை வலப்புறம் தொடங்கி இடப்புறம் நகரும். ஸ்வரத் தலைக்கும் எழுத்துக்கும் எஃகு முத்திரைகள் உண்டு. வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஸ்வரக் காம்பையும் வளைகோட்டையும் உளியால் கீற வேண்டும். தப்பு நேர்ந்தால் கவராயத்தால் இடம் பார்த்து, தகட்டைத் திருப்பி, பின்புறம் தட்டி, பள்ளத்தை மேலெழுப்பிச் சமன்செய்து மறுபடி பொறிக்க வேண்டும். தப்பு செய்யாமலிருப்பதே மலிவு என்றார்.

பிறகு ஒரு முத்திரையை எடுத்து நீட்டினார். அதன் நுனியில் பொடிசாக ஓர் அழுத்தக்குறி.

"சின்னதென்றால் இது, ஐயா. நீளமென்றால் அளவுகோலும் உளியும்."

"நடுவாந்தரமாக இருந்தால்?"

"எழுதிய காகிதத்துக்கு நடுவாந்தரம் உண்டு. என் மேஜையில் இரண்டே கருவிகள்."

பதிப்பாசிரியர்கள் பக்கம் பக்கமாக வாதாடும் விஷயம், பட்டறையில் கை எந்தக் கருவிக்கு நீள்கிறது என்பதில் முடிந்துபோயிருக்கிறது. அவர் இன்னொன்றும் சொன்னார்: பயிற்சிக் காலத்தில் கற்றுத்தந்த நேர்த்தி, பக்கம் முழுதும் குறிகள் ஒரே அளவில் இருப்பது. ஆசிரியர் கோணல்மாணலாக எழுதியதை ஒழுங்குபடுத்துவதும் வேலையின் ஒரு பகுதி. என் பார்வையில் சேதம் அங்கேதான். கவனக்குறைவான தொழிலாளியால் வந்த சேதமல்ல. நல்ல தொழிலாளியால் வந்தது.

ஷோப்பானின் 24 பிரெலூடுகளை எடுத்துக்கொள்வோம். 1839-இல் பாரிஸில் கத்லான், லைப்சிக்கில் பிரைட்காப்ஃப் – ஹெர்ட்டெல், லண்டனில் வெஸல் என மூன்று நிறுவனங்கள் வெளியிட்டன. நாடுகளுக்கிடையே செல்லுபடியாகும் பதிப்புரிமை அன்று இல்லாததால், ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே விற்பது அவர் வழக்கம். சமர்ப்பணம்கூட ஒன்றல்ல: பாரிஸ் பதிப்பு பிளெயெலுக்கு, லைப்சிக் பதிப்பு கெஸ்லருக்கு. பாரிஸில் பொறித்தவர் முன்னால் ஷோப்பானின் கையெழுத்தே இருந்தது. அது இப்போது வார்சாவில் போலந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. லைப்சிக்கில் பொறித்தவர் பார்த்ததோ நண்பர் ஃபோன்தானா எடுத்த நகல். லண்டன் பதிப்பு பாரிஸ் பதிப்பின் வழி வந்தது. ஆக, மூன்று பதிப்புகள் ஒத்துப்போகின்றன என்று யாராவது மார்தட்டினால் நான் மசிய மாட்டேன். அவை மூன்று சாட்சிகள் அல்ல. தாராளமாகக் கணக்கிட்டாலும் இரண்டு. அதில் ஒன்று செவிவழிச் சாட்சி. ஃபோன்தானா அவசரத்தில் கொஞ்சம் குறுக்கிய குறியை லைப்சிக் பட்டறை முத்திரையாகவே அடித்திருக்கலாம். தகட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஷோப்பான் படைப்புகளின் போலந்து தேசியப் பதிப்பை உருவாக்கிய யான் எக்கியெர் இதற்கு ஒரு வழி செய்தார். குட்டை அழுத்தம், நீள அழுத்தம் என்று இரண்டு வகையாகவே அச்சிட்டார். நீளமானது வெறும் ஓங்கல் அல்ல. உணர்ச்சி கூடிய அழுத்தம், ஒரு ஸ்வரத்தோடு நின்றுவிடாமல் சற்று நீடிப்பது. எனக்கு இது பிடிக்கும், முழுத் திருப்தி இல்லாவிட்டாலும். தேய்க்கும் குறியோடு சேர்த்து இரண்டு பெட்டிகள் மூன்றாயின; அவ்வளவுதான். எந்தக் குறியை எந்தப் பெட்டியில் போடுவது என்று யாரோ ஒருவர் இன்னமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

கொண்டுபோயிருந்த எக்கியெர் பதிப்பைப் பெரியவரிடம் காட்டினேன். நீள அழுத்தங்களைக் கவராயத்தால் வரிசையாக அளந்து பார்த்தார். "எல்லாம் ஒரே நீளம். இதற்கும் ஒரு முத்திரை வெட்டிவிடலாம், ஐயா" என்றார். பாராட்டா கிண்டலா, பிடிபடவில்லை. எனக்கு என்னவோ, அளவு பிசகிய குறிகள் உள்ள பழைய பக்கங்களில்தான் இப்போது நம்பிக்கை கூடியிருக்கிறது. அங்கே பொறித்தவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தைப் பார்த்து உளியைப் பிடித்திருக்கிறார்.