உம்மாவின் முதுகும் சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் ஷொக்கும்



போன கிழமை போட்ட கார்ப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சேர், நல்லா பதிச்சு வச்சிருந்த காரை ஏன் திரும்ப உசத்தினீங்க?" என்று பழைய மாணவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. அதனால் முழுக் கதையையும் இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் என்றால் காக்காவும் தம்பியும். இதை எழுதும் காக்கா உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவர். தம்பி எட்டு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் தம்பியின் சேமிப்பையும் காக்காவின் கடனையும் சேர்த்து வாங்கியதுதான் இந்த 2007 சுஸுக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட். 1.6 லீட்டர் எஞ்சின், 125 குதிரை வலு, ஐந்து கியர். சின்னக் கார்தான், ஆனால் கையில் எடுத்தால் விடமனம் வராது.

வாங்கும்போதே முன் ஷொக் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. மாற்றத்தான் வேண்டும். அங்கேதான் எங்களுக்கு ஆசை வந்தது. "எப்படியும் கழட்டத்தானே போறம், காரைக் கொஞ்சம் பதிப்பம் காக்கா" என்றார் தம்பி. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இருந்த இடைவெளி எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு கராஜில் பழைய ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். நல்லவேளை, அதற்கு உடன்படவில்லை. வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் கீழே தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவலாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு விறைப்பும் கூடும். இது எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் கணக்கு.

ஆனால் அதைவிடப் பெரிய பிழையை நாங்கள் படித்துவிட்டுச் செய்தோம். 35 மில்லிமீற்றர் பதிக்கும் ஸ்பிரிங் ஒரு செட் வாங்கினோம். காசு முடிந்துவிட்டது. ஷொக்குக்குப் பஞ்சிகாவத்தையில் போய், ஜப்பானில் கழட்டி வந்த பழைய ஷொக் நாலு எடுத்தோம். கசிவு இல்லை, தண்டில் கீறல் இல்லை, அது போதும் என்று நினைத்தோம்.

கார் அழகாகத்தான் இருந்தது. படம் போட்டோம். முந்நூறு லைக் வந்தது.

அடுத்த மாதம் உம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தது. உம்மாவுக்கு முள்ளந்தண்டுத் தட்டு விலகிய வருத்தம். சுபஹ் தொழுதுவிட்டு ஊரில் இருந்து கிளம்பினோம். அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு. கிழக்கில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம்.

ஊர் எல்லையில் இருந்த முதல் ஹம்பிலேயே "டக்" என்று ஒரு சத்தம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு பாலத் தொடக்கத்துக்கும் அதே சத்தம். உம்மா ஒன்றும் பேசவில்லை, தஸ்பீஹ் மட்டும் கையில் ஓடிக்கொண்டிருந்தது. மஹியங்கனையில் தேநீருக்கு நிறுத்தினோம். கதவைத் திறந்தும் உம்மாவால் காலைத் தரையில் வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் தூக்கித்தான் இறக்கினோம். பதினெட்டு வளைவில் மெதுவாகப் போயும், வளைவுக்குள் ஒரு சின்ன மேடு வந்தால் பின்பக்கம் துள்ளி வெளிப்பக்கமாக நகர்ந்தது. தம்பியின் முகத்தில் அன்று பார்த்த பயத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

கண்டியில் டொக்டரைப் பார்த்து முடிந்ததும் உம்மா மெதுவாகச் சொன்னார்: "மகன், திரும்பிப் போகக்குள்ள என்னை பஸ்ஸில ஏத்தி விடுங்க. இந்தக் கார் எனக்கு ஏலாது."

ஒருவர் உம்மாவோடு பஸ்ஸில் வந்தோம். மற்றவர் வெறுங்காரை ஓட்டி வந்தார். இவ்வளவு காசு போட்டு வாங்கிய வாகனம் பெற்ற தாய்க்கு உதவவில்லை என்றால் அந்த முந்நூறு லைக்கை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து கரும்பலகையில் எழுதுவதைப் போல ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். வருடா வருடம் படிப்பிக்கும் பாடம்தான்.

ஸ்பிரிங்கின் வேலை பாரத்தைத் தாங்குவது, அடியை வாங்குவது. அது வாங்கும் சக்தி அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, கார் நிற்கும் நிலையில் இருந்து மேலே அமுங்க 70 மில்லிமீற்றர் இருந்தது என்று வைப்போம். 35 பதித்தால் மீதி 35. தூரம் பாதி, வாங்கும் சக்தி கால்வாசி. பழைய அளவு அடியை அந்தப் பாதித் தூரத்துக்குள் தாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். வீதியில் ஓடும் காருக்கு விற்கும் பதிக்கும் ஸ்பிரிங் அதற்குக் கிட்டவும் வராது, வந்தால் அந்தக் காரில் யாரும் உட்காரவும் முடியாது. அப்படியானால் மீதிச் சக்தியை எது வாங்கும்? ஷொக் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டொப் என்ற றப்பர். அதற்குப் பிறகு உம்மாவின் முதுகு. அந்த "டக்" சத்தம் அதுதான்.

ஷொக்கின் வேலை வேறு. அது பாரத்தைத் தாங்குவதில்லை. சின்னத் துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது. தணித்தல் என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான். ஸ்பிரிங் விறைத்தால் அதை அடக்க ஷொக்கும் பலமாக இருக்க வேண்டும். நாங்கள் செய்தது தலைகீழ்: விறைத்த ஸ்பிரிங்கை, வயது போன ஷொக்கிடம் கொடுத்தோம். பின்பக்கம் துள்ளியதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று. பதித்த கார் வளைவில் சாயாது என்பது பாதி உண்மைதான். இந்தக் காரின் முன்பக்கம் மக்பேர்சன் வகை. உடம்பு பதியப் பதிய, கீழ்க்கை மேல்நோக்கிச் சரியும். அப்போது கார் எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம், உடம்பு பதிந்ததைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அதனால் சாய்வதற்கான நெம்பு நீளம் கூடுகிறது. அளவுக்கு மிஞ்சிப் பதித்தால் லாபத்தைவிட நட்டம்தான்.

பிறகு என்ன வாங்குவது என்று தேடினோம். பில்ஸ்டைனில் பி6 கம்பனி உயரத்து ஸ்பிரிங்குக்கு, பி8 பதித்த ஸ்பிரிங்குக்கு நீளம் குறைத்துச் செய்தது. கோனியின் மஞ்சள் ஷொக்கில், அமுங்கி மீளும்போது உள்ள தணித்தலைத் திருகி மாற்றலாம். உயரத்தையும் மாற்றக்கூடிய கொயில்ஓவர் செட்டும் இருக்கிறது. எல்லாம் நல்ல பொருட்கள்தான், ஆனால் எங்கள் கைக்கு எட்டும் விலை இல்லை. கடைசியில் கயாபாவின் புதிய காஸ் ஷொக் நான்கும், காரோடு வந்த பழைய ஸ்பிரிங்குமே போதும் என்று முடிவெடுத்தோம். முன்பக்கத்து டொப் மவுண்ட், பெயாரிங், பம்ப் ஸ்டொப், தூசிக் கவர் எல்லாம் புதிது. அதற்கே ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது.

அந்தப் பழைய ஸ்பிரிங் எங்கே என்று தேடினால் கராஜில் இல்லை, வீட்டிலும் காணவில்லை. பழைய இரும்புக்காரருக்குப் போயிருக்கும் என்று நினைத்தோம். உம்மாதான் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். "காசு குடுத்து வாங்கின சாமான், எறியவா ஏலும்?" என்றார்.

செய்ய நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். முதலில் காசை ஷொக்குக்குப் போடுங்கள், ஸ்பிரிங் பிறகு. இடம் வலம் சோடியாகவே மாற்றுங்கள். ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல் யாரையும் ஸ்பிரிங்கைக் கழட்ட விடாதீர்கள், அது உயிர் ஆபத்து. றப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் தூரம் போகாதீர்கள்.

புது ஷொக்கோடு முதல் தடவை கண்டிக்குப் போனபோது உம்மாவை எப்படி ஏறச் சொல்வது என்று எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஏறினார். மஹாஓயா தாண்டும்போது பின்னால் திரும்பிப் பார்த்தோம். தஸ்பீஹ் மடியில் கிடந்தது, உம்மா நித்திரை. பதினெட்டு வளைவில் தம்பி தன் பாட்டில் சிரித்துக்கொண்டே ஓட்டினார். கார் பாதையைப் பிடித்துக்கொண்டு போனது. பதித்து வைத்திருந்த நாட்களில் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

தம்பிக்கு மட்கார்ட் இடைவெளி இன்னும் உறுத்தத்தான் செய்கிறது. "ஒரு 15 மில்லிமீற்றர் மட்டும் காக்கா" என்று இடைக்கிடை கேட்பார். உம்மாவிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறோம்.

உம்மாவின் சுகத்துக்கு துஆ செய்யுங்கள். உங்கள் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், எங்களுக்கும் படிக்க இருக்கிறது.