டீச்சருக்கு யார் துணை?

உங்கள் தெருவில் கட்டாயம் ஒரு ரிட்டயர்டு டீச்சர் இருப்பார். காலையில் கோலம் போட்டுவிட்டு, பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, பேரனுடைய ஹோம்வொர்க் நோட்டில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்பார். முப்பது வருஷம், ஐம்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்தவர். அந்தப் பார்வை இப்போது பால்காரரிடமும் கேபிள்காரரிடமும் வீணாகிக்கொண்டிருக்கும்.

இப்படிப் பத்துப் பதினைந்து பேரை ஒரே அறையில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? சண்டைதான் வரும் என்பீர்கள். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் மறுக்க மாட்டேன். ஆனால், வேறொன்றும் நடக்கும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2019 ஆகஸ்டில் டெக்சாஸில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். நானும் டீச்சர் என்று தெரிந்ததும், "அப்படியானால் சனிக்கிழமை சும்மா இருக்காதீர்கள், என்னோடு வாருங்கள்" என்று காரில் ஏற்றிக்கொண்டுவிட்டார். மகள் என்னிடம், "போயிட்டு வாம்மா, உனக்கும் பொழுது போகும்" என்றாள்.

போனது ஊர் நூலகத்தின் பின்னறைக்கு. பதினெட்டுப் பெண்கள் இருந்தார்கள். இருவரைத் தவிர எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. நீளமான மேஜை முழுக்க க்ரேயான், பென்சில், க்ளூ ஸ்டிக், ஒயிட்போர்டு மார்க்கர், டிஷ்யூ பெட்டி, சின்னச் சின்ன சாக்லெட். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். பாதிதான் சரி. ஒரு பக்கம் பிள்ளைகளுக்கான பைகள். இன்னொரு பக்கம் இருந்தவை அந்த வருஷம் புதிதாக வேலைக்குச் சேரும் டீச்சர்களுக்கு!

டாலர் தேசத்தில் டீச்சருக்கு எதற்கு டிஷ்யூ பெட்டி தானம்? நம் ஊர் அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசாங்கம் கொடுக்கிறது. அங்கே பாடப்புத்தகம் பள்ளியில் கிடைக்கும். பென்சிலும் நோட்டும் பெற்றோர் வாங்கித்தர வேண்டும். எந்த வகுப்புக்கு என்னென்ன என்ற பட்டியல், பெரிய கடைகளின் வாசலிலேயே தொங்கும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு யார் வாங்குவது? டீச்சர்தான், கைக்காசு போட்டு. இது ரகசியமும் இல்லை. டீச்சர்கள் வகுப்புக்காகச் செலவழிக்கும் சொந்தப் பணத்தில் 250 டாலர் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று 2002-லேயே சட்டம் வந்துவிட்டது. 2022-ல் அதை 300 டாலராக உயர்த்தினார்கள். 'நீ செலவு செய்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும்' என்று அரசாங்கமே ஒப்புக்கொள்வதுதானே இது!

அந்தப் பெண்கள் டெல்டா கப்பா காமா என்ற சங்கத்தின் உள்ளூர்க் கிளை. பெயரைக் கேட்டு ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றும் கிரேக்க எழுத்துகள். சங்கம் பிறந்த கதையைக் காரில் வரும்போது அந்த அம்மாள் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஆனி வெப் பிளாண்டன் என்று ஒரு பெண்மணி. 1870-ல் ஹூஸ்டனில் பிறந்தவர். பதினேழு வயதில் கிராமத்து ஓரறைப் பள்ளியில் டீச்சர். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1899-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். 1918-ல் மாநிலத்தின் கல்வித் துறைத் தலைமைப் பதவிக்குத் தேர்தலில் நின்றார். டெக்சாஸ் பெண்களுக்குக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்ததே அந்த வருஷம்தான். பெயரைப் பதிவு செய்ய இருந்த அவகாசம் 17 நாள். அதற்குள் ஏறத்தாழ 3,86,000 பெண்கள் பதிவு செய்தார்கள். பிளாண்டன் ஜெயித்தார். மாநிலம் தழுவிய பதவிக்கு டெக்சாஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

ஆனால், பதவி ஒருத்திக்குக் கிடைத்தால் போதுமா? பள்ளிகளில் பாடம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேல் பதவியும் கூடுதல் சம்பளமும் ஆண்களுக்கு. 1928 வாக்கில் எடுத்த கணக்குப்படி, நூற்றுக்கு 61 பள்ளி நிர்வாகங்கள் கல்யாணமான பெண்ணை டீச்சராகச் சேர்ப்பதில்லை. வேலையில் இருக்கும்போது கல்யாணம் செய்துகொண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடும் நிர்வாகங்கள் பாதிக்கு மேல். தாலி ஏறினால் சாக்பீஸ் இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கல்வித் துறை ஆண்களுக்கு ஃபை டெல்டா கப்பா என்று ஒரு சங்கம் இருந்தது. அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1974-ல்தான்.

1929 மே 11 அன்று, ஆஸ்டின் நகரத்தில், பிளாண்டனும் பதினொரு பெண்களும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆரம்ப ஏற்பாடுகள் எல்லாம் கமுக்கமாகத்தான் நடந்தன. மேலதிகாரிகளான ஆண்களுக்குத் தெரிந்தால் முளையிலேயே கிள்ளிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பன்னிரண்டு பேர் போட்ட விதை பிறகு கனடா, மெக்சிகோ, நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, ஜப்பான் என்று பரவியது. சங்கத்துக்கு ஏழு நோக்கங்கள். பெண்கள் மேலே படிக்க உதவித்தொகை தருவது ஒன்று. கல்விக்கு நல்ல சட்டங்கள் வரப் பாடுபடுவது இன்னொன்று.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நெருடல். அன்று உரிமைக்காகச் சேர்ந்தவர்கள். இன்று பை நிரப்புகிறார்கள். தேய்ந்து போய்விட்டதா? சம்பளத்தையும் சாமானையும் அரசாங்கத்திடம் கேட்டு வாங்க வேண்டியவர்கள், தாங்களே க்ரேயான் வாங்கிக்கொண்டிருந்தால் அரசாங்கத்துக்கு வசதிதானே?

பை நிரப்பி முடித்ததும் கூட்டம் நடந்தது. கணக்கு வாசித்தார்கள். டீச்சர் வேலைக்குப் படிக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு உதவித்தொகை. நூலகத்துக்குக் குழந்தைப் புத்தகங்கள். வீட்டை விட்டு வெளியேறிய தாய்மார்கள் தங்கும் விடுதிக்குச் சோப்பும் பிரஷ்ஷும். எல்லாம் பழைய பொருள் ஏலத்திலும் கேக் விற்பனையிலும் சேர்த்த சில்லறைக் காசு. வருஷக் கடைசி விருந்துக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைத்து உதவித்தொகையில் போடலாமா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். நான் சொன்ன சண்டை இதுதான். கடைசியில் விருந்து தோற்றது. அவரவர் வீட்டில் சமைத்து எடுத்து வருவது என்று முடிவானது.

நரைக்காத தலை இரண்டு என்றேன் அல்லவா, அதில் ஒன்று இரண்டாம் வகுப்பு டீச்சர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பேச எழுந்தார். முதல் வருஷம் டிசம்பரிலேயே ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டாராம். வகுப்பு அடங்கவில்லை, பெற்றோர் புகார், ராத்திரி பதினொரு மணிக்கும் நோட்டுத் திருத்தம். ஆகஸ்டில் இவர்கள் கொடுத்த பையில் ஒரு சீட்டு இருந்திருக்கிறது. அதில் ஒரு போன் நம்பர். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனையில் என் பக்கத்து வீட்டு அம்மாள்.

"எப்படிப் பாடம் நடத்துகிறாய் என்று இவர் கேட்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்" என்றார் அந்தப் பெண்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் இந்த அம்மாள் அந்த வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வாசிக்கத் திணறும் இரண்டு பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். ராஜினாமாக் கடிதம் கிழிந்தது. இருபது பிள்ளைகளுக்கு நடு வருஷத்தில் டீச்சர் மாறவில்லை.

என் நெருடலுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. உரிமையைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால், அது வந்து சேரும் வரை, டிசம்பர் மாதம் தனியாக அழுகிற பெண் காத்திருக்க முடியாது. பையில் இருந்த க்ரேயான் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். அந்த நம்பர்தான் வேலை செய்தது.

மீதிப் பாதிக்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் பதினாறு நரைத்த தலைகளுக்குப் பிறகு சீட்டில் யார் நம்பரை எழுதுவது? இளைய டீச்சர்களுக்குச் சனிக்கிழமை என்பது துணி துவைக்கும் நாள், நோட்டுத் திருத்தும் நாள். கூட்டத்துக்கு எங்கே வருவார்கள்? இதைக் கேட்டபோது அந்த அம்மாள் சிரித்தார். "நானும் நாற்பது வயது வரை வரவில்லை. களைப்பு தீர்ந்ததும் வருவார்கள். அதுவரைக்கும் வேலையை விடாமல் இருந்தால் போதும்" என்றார்.

சரி, நம் கதைக்கு வருவோம். கிரேக்க எழுத்தும் வேண்டாம், சங்கப் பதிவும் வேண்டாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் புதிதாக ஒரு டீச்சர் வருவார். வெளியூர்ப் பெண்ணாக இருப்பார். வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருப்பார். எந்த வகுப்பு அடங்கும், எந்த வகுப்பு அடங்காது என்று தெரியாமல் விழிப்பார். உங்களுக்குத் தெரிந்த ரிட்டயர்டு டீச்சர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். புது டீச்சர் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டியில் சாம்பார் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அறிவுரை சொல்லக் கூடாது. முதலில், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்.