காய்க்காத கத்தாழை

குன்னூரில் தாத்தா தோட்ட வேலை பார்த்த பங்களாவின் வாசலில் நின்றது அந்தச் செடி. இலை நுனியெல்லாம் ஊசி. பந்து அதன் அடியில் உருண்டுவிட்டால், எடுக்கப் போகிறவன் முழங்காலில் ரத்தத்தோடுதான் திரும்புவான். யுக்கா என்ற பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அது கத்தாழை. பூக்கிற காலத்தில் மட்டும், அந்த முரட்டுச் செடியா இது என்றிருக்கும். ஆள் உயரத் தண்டில் வெள்ளை மணிகளாகத் தலைகவிழ்ந்து தொங்கும் பூக்கள் இருட்டத் தொடங்கியதும் நன்றாக விரியும். பிறகு பனியில் நனைந்து தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும். பிளம்ஸும் பேரியும் கிளை தாழக் காய்க்கிற அதே மண்ணில் இது ஒரு காய்கூட விட்டதில்லை. கேட்டால் தாத்தா, "கன்னு பிடுங்கி வெச்சா வருது, காய் எதுக்குடா?" என்பார்.

கல்லூரி நூலகத்தில்தான் விடை கிடைத்தது. மிசௌரி மாநிலத்துப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி, தாவரவியலாளர் எங்கல்மன் தூண்டிவிட, 1872-இல் யுக்காப் பூக்களைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். உள்ளே சிறு வெள்ளை அந்துப்பூச்சி. பெண்பூச்சிக்கு வாயருகே மற்ற அந்துகளுக்கு இல்லாத வளைந்த உறுப்புகள் உண்டு. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி, உருண்டையாக்கி, தலைக்கடியில் இடுக்கிக்கொண்டு இன்னொரு பூவுக்குப் பறக்கிறது. சூலகத்தைத் துளைத்து முட்டையிடுகிறது. அப்புறம் சூல்முடிக்கு ஏறி, கொண்டுவந்த மகரந்தத்தை அதன் குழிக்குள் திணிக்கிறது. தேனுக்கு வந்த இடத்தில் தற்செயலாக ஒட்டிப்போகிற கதையல்ல. வளர்ந்த பூச்சி சாப்பிடுவதே இல்லை என்கிறார்கள். விதைகளில் கொஞ்சம் புழுவுக்கு, மிச்சம் செடிக்கு. ஒரே பூவில் முட்டைகள் அளவு மீறினால், செடி அந்தப் பிஞ்சையே உதிர்த்துவிடும், உள்ளே இருக்கும் குடும்பத்தோடு. இந்தக் கறாரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டார்வினே இதை வியந்து 1874-இல் நண்பர் ஹூக்கருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

விடுமுறையில் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செடியக் கப்பல்ல ஏத்துன தொரை, பூச்சியையும் ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டாந்திருக்கலாமில்ல?" என்றார்.

அவ்வளவு லேசில்லை. காயைத் துளைத்து இறங்கும் புழு மண்ணுக்குள் கூடு கட்டி, செடி பூக்கும் நாளுக்குச் சரியாக வெளியே வரவேண்டும். சில புழுக்கள் வருஷக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்குமாம். இதையும் சொன்னேன். தாத்தா அதற்குள் கடப்பாரையை எடுத்துவிட்டார். கோழிக்கு வேலி போட லைன் வீட்டிலிருந்து யாரோ கன்று கேட்டிருந்தார்கள்.