தீர்ப்பு சொல்லாத அறை

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாவு மில்லை ஒட்டிய மாடி வீடு. வாசலில் போர்டு கிடையாது, கதவு எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "போர்டு வெச்சா பாதிப் பேர் படியேற மாட்டாங்க சார்" என்றார் கதவைத் திறந்த உளவியல் ஆலோசகர். தன் பெயரையோ, தன்னிடம் வருபவர்களின் கதையையோ எழுதக் கூடாது என்று போனிலேயே நிபந்தனை போட்டிருந்தார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரின் ரகசியத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. ஆகவே அமர்வு எதையும் நான் பார்க்கவில்லை. பார்த்தது காலி அறைகளைத்தான்.

காத்திருக்கும் இடத்தில் நான்கு நாற்காலிகள், எதுவும் எதிரெதிராக இல்லை. பேசி முடித்தவர்கள் பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக இறங்கிவிடுவார்கள். ஒருவர் போய்ப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்தவர் வருவார். அழுது சிவந்த கண்ணோடு போகும் ஒருவர், தெரிந்தவர் யாரையாவது எதிர்கொள்ள நேர்ந்தால், பிறகு அவர் இந்தப் பக்கமே திரும்ப மாட்டாராம்.

தனிநபர்களுக்கான அறையில் மேஜை இல்லை. "மேஜை வந்துட்டா நான் ஆபீசர் ஆயிடுவேன்" என்றார். இரண்டு நாற்காலிகள் சற்றே சாய்வாகப் போடப்பட்டிருந்தன. பார்க்க விரும்பினால் பார்க்கலாம், இல்லையென்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே பேசலாம். கடிகாரம் வருபவரின் முதுகுக்குப் பின்னால், ஆலோசகரின் கண்ணுக்கு மட்டும் படும்படி. சுவரில் ஒரே ஒரு சான்றிதழ்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்ததற்கானது.

உளவியலில் எம்.ஏ., பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டாண்டு எம்.ஃபில். ஆனால் தொழிலைக் கற்றுக்கொண்டது உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்தபோதுதான் என்கிறார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டப்படி, வழக்கை விசாரிக்கும் முன் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை. அந்த முயற்சி ஆலோசகரிடம் வந்து சேரும். "அங்க வர்றவங்க மனுவுல வக்கீல் எழுதினதையே மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. 'எதிர்மனுதாரர் எனக்கு மன உளைச்சல் கொடுத்தார்'னு, கட்டின புருஷனைப் பார்த்தே சொல்லுவாங்க. அந்தப் பாஷையை உதிர்க்கவே நேரம் போயிடும். அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு தோணும்." அப்படித் தோன்றித்தான் வெளியே வந்து இந்த மாடியைப் பிடித்தார்.

தனியாக வருபவர்களிடம் அவர் கையாளும் முறைக்கு இரண்டு வேர்கள். ஒன்று உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ்: அறிவுரையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் இருப்பவரை அப்படியே ஏற்றுக் கேட்பது. இன்னொன்று 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. அதற்கான தாள் ஒன்றைக் காட்டினார். நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, என்ன உணர்ச்சி வந்தது, வேறெப்படிப் பார்க்கலாம் என்று கட்டங்கள். 'மேனேஜர் என் குட்மார்னிங்குக்குப் பதில் சொல்லவில்லை' என்பது முதல் கட்டம். 'வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள்' என்பது இரண்டாவது. இந்த இரண்டும் வேறுவேறு என்று எழுதிப் பார்த்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறதாம்.

தம்பதிகளுக்கான அறை பெரியது. நாற்காலிகள் சுவரோரம் கிடந்தன. "நான் போட்டு வைக்க மாட்டேன். அவங்களே இழுத்துப் போட்டுக்கணும். எவ்வளவு தள்ளிப் போடுறாங்கன்னு பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்." கூடுதலாக ஒரு நாற்காலி எதற்கு என்று கேட்டேன். சிரித்தார். "மாமியாருக்கு. இல்லன்னா பொண்ணோட அம்மாவுக்கு."

மேலைநாட்டுப் பாடப் புத்தகத்தில் தம்பதி என்றால் இரண்டு பேர், இங்கே ஒரு குடும்பமே கிளம்பி வருகிறது. அதை இடைஞ்சலாகப் பார்க்காத மரபும் நம் நாட்டில் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரத்தில் தங்க வைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யும் அந்த வழியில் போனது. இவரும் பெரியவர்களைக் கூப்பிடுகிறார், ஆனால் முதல் சில அமர்வுகளுக்குப் பிறகுதான்.

பயிற்சிக்கு வந்திருந்த மாணவரைக் கணவனாக உட்கார வைத்து, தான் மனைவியாக ஒரு காட்சி நடத்திக் காட்டினார்.

"நேத்து எங்கம்மா வந்திருந்தப்ப நீங்க ரூமை விட்டு வெளியவே வரல."

"ஆபீஸ் கால் இருந்துச்சு."

"பதில் கேக்கலப்பா. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

"உங்கம்மா வந்தாங்க, நான் வேலையா இருந்தேன்."

"அது உன் கதை. என் கதையைச் சொல்லு."

மூன்றாவது முறைதான் மாணவர் சொன்னார்: "உங்கம்மா வந்திருந்தப்ப நான் வெளிய வராதது உனக்கு அவமானமா இருந்துச்சு." அவமானம் என்ற சொல்லை ஆலோசகர் சொல்லவேயில்லை, அவர் தானாகக் கண்டெடுத்தது.

அமெரிக்காவில் ஜான் காட்மன், தம்பதிகள் சண்டை போடுவதை ஆய்வகத்தில் படம்பிடித்து ஆராய்ந்து, உறவைக் குலைக்கும் நான்கு பழக்கங்களைச் சொன்னார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், தற்காப்பு, கல்லாய் உட்கார்ந்துவிடுவது. இவற்றில் மிகக் கொடியது இளக்காரம் என்பது அவர் முடிவு. "உங்க வீட்ல வளர்த்த லட்சணம்" என்ற ஒரு வரி போதும், அதற்குத் தமிழ் உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடிதடி இருக்கும் வீட்டுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது என்பதில் அவர் கறாராக இருக்கிறார். இங்கே மனைவி வாய்திறந்து சொன்னதற்கு வீட்டில் அடி விழும். இருவரையும் முதலில் ஒருமுறை தனித்தனியாகப் பார்ப்பது அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான். அப்படித் தெரிந்தால் சேர்ந்து உட்கார வைப்பதில்லை. 181 மகளிர் உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் சொல்லி அனுப்புகிறார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று புத்தி சொல்லும் பஞ்சாயத்துகளுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. சேர்த்து வைத்தால்தான் வெற்றி என்று அவர் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவரை ஒருவர் மதித்துப் பிரிந்தவர்களையும் நல்ல முடிவாகவே எண்ணுகிறார்.

குறை சொல்லாமல் விட முடியாது. ஒரு அமர்வுக்கு 1,500 ரூபாய். மாதம் இருபதாயிரம் வாங்கும் வீட்டுக்கு இந்தப் படி உயரம்தான். அவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

பணம் கொடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுகிய கால வகுப்புக்குப் போய்வந்து கவுன்சலர் என்று போர்டு மாட்டியவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று முதல் போனிலேயே கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணையும் கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்புகிறவரிடம் போகாதீர்கள்.