மலைச்சரிவில் ஒரு மக்கட்கூட்டம்

பதுளை மாவட்டத்திலே, கொஸ்லாந்தைக்கு அருகில், மலைச்சரிவில் அமைந்திருந்த தோட்டக் குடியிருப்பு மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலை, அச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடிற்று. இயற்கையின் சீற்றம் என்று கூறி அமைந்தோர் பலர். என் மனம் அதற்கு இசையவில்லை. சரிவு ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், சொந்த நிலமற்றவர் எங்கே போவது?

1948இன் சட்டம் மலையகத் தோட்டமக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தலைகளைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக விட்டது. 2003இலே குடியுரிமைச் சிக்கல் சட்டத்தால் தீர்ந்தது, நிலவுரிமை உடன்வரவில்லை.

மலையின் உயரத்தையும் மழையின் அளவையும் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம், அச்சரிவில் வாழ்ந்தோருக்கு வேறிடம் ஏன் இருக்கவில்லை என்பதையும் கற்பித்தல் வேண்டும்.