கொதிக்கிற இன்ஜினுக்குத் தண்ணி மட்டும் போதுமா பாஸ்?

கொடைக்கானல் டூர் போகாத காலேஜ் உண்டா? வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது நீங்களும் பார்த்திருப்பீங்க. டம்டம் பாறை பக்கமோ, பெருமாள்மலை பக்கமோ, பானெட்டைத் திறந்துபோட்டு ஆவி பறக்க நிற்கும் ஒரு பழைய கார். 'ரேடியேட்டர் போச்சுப்பா' என்று மொத்த பஸ்ஸும் தீர்ப்பு சொல்லும். பல சமயம் அது சரிதான். ஆனா, ரேடியேட்டர் மேல எந்தக் குத்தமும் இல்லாமலே இன்ஜின் கொதிக்கும். எங்க பெரியப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்த ரகம்.

ஹெரால்டு பற்றி ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. 948 சி.சி. இன்ஜின். டிசைன், இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. இதே ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கித்தான், 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தாங்க. ஆக, எங்க வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை!

அந்த அண்ணன்தான் மலை ஏறினா கொதிச்சார். ரேடியேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் மாத்தியாச்சு. தரையில ஓட்டினா சமத்து. மலையில அஞ்சாவது வளைவுலயே முள் சிவப்புக்குப் போயிடும். வெறுத்துப்போன பெரியப்பா, "காயலான் கடையில எடைக்குப் போட்டுடறேன்"னு முடிவே எடுத்துட்டார். ஆளும் வந்து விலை பேசிட்டுப் போயிட்டார்.

கடைசி முயற்சியா, வத்தலக்குண்டுல ஒரு பெரிய வயசு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தேன். ரேடியேட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "வண்டி சோம்பலா இழுக்குது தம்பி. நெருப்பு லேட்டா வருது"ன்னார்.

அவர் சொன்னதை நம்ம சிலபஸ் பாஷையில் பார்ப்போமா? ஸ்பார்க் அடிச்சதும் பெட்ரோல் 'டப்'னு வெடிச்சுடாது. எரிய நேரம் வேணும். தோராயமா 2 மில்லி செகண்ட்னு வெச்சுக்குங்க. 3,000 ஆர்.பி.எம்-ல கிராங்க் ஒரு சுத்து சுத்த 20 மில்லி செகண்ட். அப்படின்னா, எரிஞ்சு முடியறதுக்குள்ள கிராங்க் 36 டிகிரி திரும்பிடும்! அதனாலதான் பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஸ்பார்க் அடிக்கணும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னாடி அடிக்கணும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற ரெண்டு சின்ன எடையும் ஸ்பிரிங்கும் செய்யறது இந்த வேலையைத்தான்.

ஸ்பார்க் லேட்டானா? பிஸ்டன் கீழே இறங்கும்போதும் எரிஞ்சுட்டே இருக்கும். வண்டியைத் தள்ள வேண்டிய சூடு, சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகும். அங்கிருந்து தண்ணிக்குப் போகும். இழுவை குறையும். நாம ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்போம். பெட்ரோல் கூடும், சூடும் கூடும். போதாக்குறைக்கு மலையில வண்டி வேகம் கம்மி, ரேடியேட்டர்ல மோதற காத்தும் கம்மி. 2,133 மீட்டர் உயரத்துல இருக்கிற கொடைக்கானல்ல, திறந்த பாத்திரத்துல தண்ணி சுமார் 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் காருக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம்.

மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, கான்டாக்ட் பாயின்ட்டைக் காட்டினார். கேம் மேல உரசற சின்ன ஃபைபர் துண்டு தேய்ஞ்சு, 0.4 மி.மீ. இருக்க வேண்டிய கேப் பாதிக்கும் கீழே போயிருந்தது. கேப் குறைஞ்சா பாயின்ட் லேட்டா திறக்கும், ஸ்பார்க்கும் லேட். ஒரே நாள்ல வந்த கோளாறு இல்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சதால, ஓட்டற பெரியப்பாவுக்கே தெரியலை. புது பாயின்ட் போட்டு, ஃபீலர் கேஜ் வெச்சு கேப் பார்த்து, ஒரு சின்ன பல்பை வெச்சு டைமிங் செட் பண்ணினார். வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை.

சந்தோஷத்துல பெரியப்பா, "மலைக்குத்தானே போறோம், இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்களேன்"னார். அவர் கறாரா மறுத்துட்டார். "மேல காத்து லேசு, தாங்கும். திரும்பிக் கீழ வந்தா தட்டும் சார். பிஸ்டன் ஓட்டையாயிடும்!" உயரத்துல காத்து அடர்த்தி குறைவு, கலவை மெதுவா எரியும், அதனால கொஞ்சம் அதிக அட்வான்ஸ் தாங்கும். கீழே அதே செட்டிங் 'நாக்' ஆகும். ரெண்டு யூனிட் பாடத்தை மனுஷன் ஒரே மூச்சுல சொல்லிட்டார்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா, பெரியம்மா, நான் மூணு பேரும் ஏறினோம். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை... முள் நடுவுலயே நின்னது. சில்வர் காஸ்கேட்ல நிறுத்தினப்போ, பெரியப்பா காயலான் கடைக்காரருக்கு போன் போட்டார். "வண்டி விக்கலை தம்பி."

இன்னைக்கு கார்கள்ல இந்த வேலையெல்லாம் இ.சி.யூ. பார்த்துக்குது, 'நாக்' சென்சார் தட்டற சத்தத்தைக் கேட்டதும் ஸ்பார்க்கைப் பின்னால தள்ளிடுது. அந்த மெக்கானிக்கோட காது செய்யற வேலை! உங்க லேப் மூலையில பழைய பெட்ரோல் இன்ஜின் கிடந்தா, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை ஒரு தடவை கழட்டிப் பாருங்க. ஃபைபர் தேய்ஞ்சிருக்கான்னும் பாருங்க.