இறங்கலாமா சார்?

தர்மபுரி என்று சொன்னால் நம்ம ஆட்கள் நேராக ஒகேனக்கல் ஓடிவிடுவார்கள். எண்ணெய் மசாஜ், மீன் குழம்பு, பரிசலில் ஒரு ரவுண்டு, ஞாயிறு ராத்திரி பஸ், திங்கட்கிழமை ஆபீஸில் தூக்கம். அதே தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் வத்தல்மலை என்று ஒன்று இருப்பது பல பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "என்ன வத்தல்? மிளகாயா, சுண்டைக்காயா?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வதோடு சரி.

மேலே காப்பி விளைகிறது. மிளகு விளைகிறது. சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சின்னச் சின்ன ஊர்கள். குடியிருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ் பேசுகிறவர்கள். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் கூட வருகிறவர்களில் ஒருத்தர் கண்டிப்பாக "சேட்டா, சாயா உண்டோ?" என்பார்.) ஒரு காலத்தில் ஒழுங்கான ரோடு கிடையாது. உடம்பு சரியில்லை என்றால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும். இப்போது தார் ரோடு இருக்கிறது. அடிவாரத்துக் கொமத்தம்பட்டியைத் தாண்டினால் இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். காலை டிபனை எண்ணிச் சாப்பிடுவது நல்லது.

நாங்கள் ஆறு பேர், ஒரே ஆபீஸ். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, வாடகை வேன் பிடித்து மலை ஏறினோம். ஏழோ எட்டோ வளைவு தாண்டியிருப்போம். புஸ்ஸென்று ஒரு சத்தம், முன்னால் வெள்ளையாகப் புகை மாதிரி. வேன் நின்றது. எங்கள் கேஷியர், வாழ்க்கையில் எதற்கும் அவசரப்படாதவர் (வவுச்சர் பாஸ் செய்ய மூன்று நாள்), வண்டி நிற்கும்முன் கதவில் கை வைத்துவிட்டார்.

"யாரும் இறங்காதீங்க!" என்றார் டிரைவர். அடுத்த மூச்சிலேயே, "தீ இல்லைங்க. ரேடியேட்டர் கொதிச்சிருச்சு, வர்றது வெறும் ஆவி. அஞ்சு நிமிஷம் உட்காருங்க. நான் கல்லு வெச்சுட்டுச் சொல்றேன்."

சக்கரத்துக்குக் கல் வைத்தார். கிளீனர் பையனைக் கீழ் வளைவுக்கு அனுப்பி, வருகிற வண்டியை நிறுத்தச் சொன்னார். அப்புறம்தான் எங்களை இறக்கினார். அதுவும் கதவு வழியாக இல்லை. கேஷியர் பிடித்திருந்த கதவைத் திறந்தால் ஓரடி மண், அப்பால் பள்ளத்தாக்கு. டிரைவர் சீட் வழியாக, மலைப் பக்கமாக, ஒவ்வொருத்தராக. இறங்கியதும் எண்ணினார். ஆறு. சரி.

மதகுச் சுவரில் உட்கார்ந்தபோது அக்கவுண்ட்ஸ் தம்பி ஆரம்பித்தான். அவன் தினமும் சென்னை மெட்ரோவில் வருகிறவன். "சார், சுரங்கத்துல நின்னாலும் இதேதான். என்ன, நம்ம ஆறு பேர், அங்கே சில நூறு பேர்."

2025 டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை. காலை முதல் வண்டிகள் ஓடும் நேரம். சென்ட்ரலுக்கும் உயர் நீதிமன்ற நிலையத்துக்கும் நடுவே சுரங்கத்தில் ஒரு மெட்ரோ ரயில் தொழில்நுட்பக் கோளாறால் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில், இறங்கி நடந்து உயர் நீதிமன்ற நிலையத்துக்குப் போகும்படி அறிவிப்பு. சுமார் 500 மீட்டர். சுரங்கத்தின் ஓரத்து நடைபாதையில், கைப்பிடியைப் பிடித்தபடி ஜனங்கள் வரிசையாகப் போகிற படத்தை அன்று பார்க்காத செல்போன் கிடையாது. "பாவம்" என்றவர்கள் பாதி, "இதுக்குத்தான் நான் பைக்" என்றவர்கள் மீதி. எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது ஒன்றுதான்: அது வரிசை. ரேஷன் கடையில்கூட நமக்கு வராத வரிசை.

அந்த வரிசை உருவாவதற்கு முன்னால் எத்தனை 'கல்' வைக்கவேண்டும் தெரியுமா? சென்னை மெட்ரோவுக்கு மின்சாரம் தலைக்கு மேலே போகிறது, 25,000 வோல்ட். தர்மபுரிப் பையன்கள் பாதிப் பேர் வேலை பார்க்கிற பெங்களூரில் அதே மெட்ரோவுக்கு மின்சாரம் காலடியில், தண்டவாளத்தை ஒட்டி ஓடுகிற மூன்றாவது தண்டில், 750 வோல்ட். (750தானே என்று நினைக்கவேண்டாம். பி.காம். படித்த எனக்கே அது ஆளைக் கொல்லப் போதும் என்று தெரியும்.) அங்கே ஒருத்தர் தானாகக் குதித்தால் கதை முடிந்தது. சென்னையில் குதித்தாலும் இருட்டு, ஜல்லிக்குப் பதில் கான்கிரீட், கால் மாட்டிக்கொள்ள நூறு இடம். அதனால் கட்டுப்பாட்டு அறையில் முதலில் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். பின்னால் வருகிற வண்டியை நிறுத்தவேண்டும். சுரங்க மின்விசிறிகள் எந்தப் பக்கம் காற்றைத் தள்ளுவது என்று முடிவு செய்யவேண்டும். ஜனங்கள் நடக்கிற திசையிலிருந்து நல்ல காற்று அவர்கள் முகத்தில் அடிக்கவேண்டும், புகை முதுகுக்குப் பின்னால் போகவேண்டும். எந்த நிலையம் பக்கம் என்று பார்த்து, அங்கிருந்து ஆட்கள் டார்ச்சோடு எதிரே வரவேண்டும். கடைசி ஆள் வெளியேறினார் என்று சுரங்கத்தைத் தேடிப் பார்த்த பிறகுதான் மறுபடி மின்சாரம். டிரைவர் எங்களை எண்ணினாரே, அதே கணக்கு.

உண்மையில் நடக்க வைப்பது கடைசி வழி. இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து ஒட்டி, தள்ளியோ இழுத்தோ அடுத்த நிலையத்தில் சேர்ப்பதுதான் முதல் யோசனை. அதற்கு நேரம் பிடிக்கும். சிக்கல் அங்கேதான். ஏ.சி. நின்ற பெட்டியில், தோளோடு தோள் நிற்கிற ஜனம் எத்தனை நேரம் பொறுக்கும்?

லண்டன் ஆசாமிகள் ரொம்பப் பொறுமைசாலிகள், குடையோடு பிறந்து க்யூவில் வளர்கிறவர்கள் என்று நமக்கு ஒரு எண்ணம். 2011 மே 26 அன்று சாயங்காலம், லண்டனின் வட பகுதியில் கென்டிஷ் டவுன் அருகே நெரிசலோடு ஒரு ரயில் நின்றது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். சரியான தகவல் இல்லை, காற்று இல்லை. பொறுமைசாலிகள் தாங்களே கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் வண்டி நகர்ந்தபோது, சில கதவுகள் திறந்தபடியே நகர்ந்தது. யாரும் அடிபடவில்லை என்பது அவர்கள் செய்த புண்ணியம். கொல்கத்தாவில் 2018 டிசம்பர் 27 அன்று ரவீந்திர சதனுக்கும் மைதான் நிலையத்துக்கும் நடுவே மெட்ரோவில் புகை வந்தபோது, ஜனங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் 'உள்ளேயே இருங்கள்' என்பது எப்போதும் சரியான வார்த்தை இல்லை. தென்கொரியாவின் டேகு நகரில் 2003 பிப்ரவரி 18 அன்று ஒருவன் ரயிலில் தீ வைத்தான். எதிர்த் திசையில் இன்னொரு ரயில் அதே நிலையத்துக்குள் வந்து பக்கத்தில் நின்றது. அதன் டிரைவர் பயணிகளைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு சாவியை உருவிக்கொண்டு போக, கதவுகள் மூடிக்கொண்டன. மொத்தம் 192 பேர் இறந்தார்கள். அதிகம் இறந்தது தீ வைத்த வண்டியில் இல்லை, வந்து நின்ற வண்டியில். அதற்கு ஏழு வருஷத்துக்கும் கொஞ்சம் முன்னால், 1995 அக்டோபர் 28 அன்று, அஜர்பைஜானின் பாகு நகரில் சுரங்கத்தின் நடுவே தீப்பிடித்த ரயில் நின்றுவிட்டது. 289 உயிர். பெரும்பாலும் புகை.

தீயோ புகையோ என்றால் வண்டியை விட்டு விலகவேண்டும், அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும். எதுவும் இல்லை, வெறுமனே நின்றுவிட்டது என்றால் பெட்டிதான் பத்திரம். இரண்டில் எது என்று பெட்டிக்குள் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? வேன் டிரைவர் சொன்ன வாக்கியத்தை மறுபடி பாருங்கள். என்ன ஆச்சு: ரேடியேட்டர். என்ன ஆகவில்லை: தீ. எத்தனை நேரம்: அஞ்சு நிமிஷம். அடுத்து என்ன: நான் வந்து சொல்றேன். கேஷியர் கையைக் கதவிலிருந்து எடுத்தது அந்த வாக்கியத்துக்காகத்தான், தைரியத்தால் இல்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று குழாய்க் குரலில் பத்து தடவை சொன்னாலும் அவர் எடுத்திருக்கமாட்டார். நானும் எடுக்கச் சொல்லியிருக்கமாட்டேன். என் கட்சி இதுதான்: ரயில் கம்பெனிகள் விசிறிக்கும் விளக்குக்கும் கோடிக் கணக்கில் செலவு செய்கின்றன, செய்யட்டும். நின்ற முதல் இரண்டு நிமிஷத்துக்குள் மைக்கில் மனுஷனாகப் பேச ஒருத்தரைப் பழக்கினால் பாதி விபத்து நடக்காது. நம் பங்குக்கு, கதவுக்குப் பக்கத்தில் பட்டன் இருக்கும். அழுத்தினால் ஓட்டுநரோடு பேசலாம். செல்பி எடுக்கும் முன் அதை அழுத்திக் கேட்கலாம்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்த டிரைவர், "சிவாடியில நடந்தது தெரியாதுங்களா?" என்றார். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு சென்னையையும் லண்டனையும் பேசுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். 2021 நவம்பர் 12, விடிகாலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே மலைப் பாதை. மழையில் பாறைகள் சரிந்து, கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் போன எக்ஸ்பிரஸ் மேல் விழுந்தன. பெட்டிகள் தடம் புரண்டன. உள்ளே 2348 பேர், அத்தனை பேரும் தூக்கத்தில். ஒருவர்கூடச் சாகவில்லை. பாதிக்கப்படாத பின் பெட்டிகள் ஆறையும் பயணிகளோடு தொப்பூர் பக்கமாகவே திருப்பி இழுத்துச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்குச் சம்பவ இடத்துக்கே பஸ்கள் வந்தன. வந்த வழி பத்திரம் என்று தெரியும், போகிற வழி தெரியாது. ஆகவே வந்த வழியே திருப்பு. சுரங்கத்திலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ரேடியேட்டர் ஆறியதும் மேலே போனோம். மலை உச்சி என்றால் ஏதோ வியூ பாயின்ட், கம்பி வேலி, சோளப்பொரி என்று எதிர்பார்க்காதீர்கள். காப்பிச் செடிகளுக்கு நடுவே பாதை, ஓட்டு வீடுகள், களத்தில் காயும் மிளகு, நம்மைப் பார்த்துக் குரைக்க யோசிக்கும் நாய். ஒரு வீட்டுத் திண்ணையில் காப்பி கிடைத்தது. அந்த மலையிலேயே விளைந்தது, வெல்லம் போட்டு. அடுத்த மாதம் வரை ஆபீஸ் கேன்டீன் காப்பியைச் சகிக்க முடியாது.

திண்ணைப் பெரியவர் எழுபதைத் தாண்டியவர். தம்பி விடவில்லை, அவருக்கும் சுரங்கக் கதையைச் சொன்னான். மண்ணுக்கடியில் ரயில் ஓடுவதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. (டி.வி.யில் பார்த்திருக்கிறார்.) கேட்ட கேள்வி வேறு.

"எல்லாம் நடந்து போனாங்க, சரி. நடக்க முடியாதவங்க?"

தம்பி முழித்தான். அவன் அம்மாவுக்கு முட்டி வலி, மாதம் ஒரு தடவை அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரி. தீ, புகை இல்லையென்றால் அப்படிப்பட்டவர்களை ஒரு ஊழியரோடு பெட்டியிலேயே உட்கார வைத்து, மீட்பு வண்டி வரும்வரை காப்பதுதான் நல்லது என்று நான் சொன்னேன். புகை என்றால் தூக்கித்தான் ஆகவேண்டும்.

பெரியவர் டோலி தூக்கிய காலத்தைச் சொன்னார். மூங்கிலில் போர்வையைக் கட்டி, பிரசவ வலியோடு இருக்கிற பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் இறக்குவார்களாம். தூக்கத் தொடங்கும்முன், யார் தூக்குவது, எந்த இடத்தில் தோள் மாற்றுவது என்று பேசி முடித்துவிடுவார்களாம். வழியில் நின்று பேசினால் நேரம் போய்விடும்.

"அந்தச் சுரங்கம் எவ்வளவு தூரம்னீங்க?"

"அரை கிலோமீட்டருங்க, தாத்தா."

மனசுக்குள் கணக்குப் போட்டார். "மேடு பள்ளம் இல்லியே? நாலு பேரு போதும். முன்னால ஒருத்தரு வெளிச்சம் பிடிச்சுக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான்."